குடைக்குதிரையின் இடதுபக்கம்

ஜனவரி 8

மலையைக் குடைந்து மனிதகுலத்துக்கு வழிவிடும் மாண்புமிகு மருமகள் பெருச்சாளிக்கு, எட்டாம் நம்பர் பஸ்ஸை ஆண்டுவரும் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. ஏக சக்ராதிபதிகள் எல்லாம் ஒரு சக்கரத்தோடு நின்றுவிட்டார்கள். எனக்கு ஆறு.

இங்கே நான், உன் அத்தை, பஸ் மூவரும் சுகம். பஸ்ஸுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே குளிர் எப்படி, கம்பளி போதுமா, சளி பிடித்ததா, பிடித்திருந்தால் விட்டதா என்று உன் அத்தை கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் பார்சல் வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர் என் இடதுபக்கம் நின்று வெகுநேரம் கூப்பிட்டாராம். அவர் சொல்கிறார், நான் நம்பவில்லை. திடீரென்று தோளில் ஒரு கை. நான் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. இப்போதெல்லாம் இந்த ஊரில் யாரும் நடந்து வருவதே இல்லை, பெருச்சாளி. பூமியைப் பிளந்துகொண்டு நேராக என் பக்கத்தில் முளைக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பேராவது முளைத்துவிடுகிறார்கள். என் இதயம் பாவம், அது என்ன செய்யும்!

பிரித்தேன். ஒரு இசைத்தட்டு. அட்டையில் மழை, மழையில் ஒரு குதிரை, குதிரையின் தலைக்கு மேல் ஒரு குடை. குடையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கூடவே ஒரு ஹெட்போன். அதன் கிண்ணங்கள் இரண்டையும் நிமிர்த்தி வைத்தால் கல்யாணப் பந்தியே நடத்தலாம். என் ஸ்பீக்கரை எலி தின்றதை நினைவில் வைத்து அனுப்பியிருக்கிறாய். எலியும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

"உலகத்துல நான் கேக்காத ராக் தட்டே கிடையாது" என்று போன லீவில் உன்னிடம் சொன்னேன் இல்லையா, அதற்கா இந்தப் பழிவாங்கல்? ஒப்புக்கொள்கிறேன். குடைக்குதிரையை நான் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை என்றால் அதில் வாசித்தவர்களின் அம்மாக்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வாலிபத்தில் என் தலைமுடி எவ்வளவு நீளம் தெரியுமா? நான் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் முடியின் நுனி தெருமுனை திரும்பும். அப்பேர்ப்பட்ட ராக் பக்தனுக்கே தெரியாத தட்டு.

கேட்டுவிட்டு எழுதுகிறேன். உன் மலையில் டவர் இல்லாததும் நல்லதற்குத்தான். போன் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எல்லாரும் அதில் முணுமுணுக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. டெப்போவில் வருடாந்தர உடல் பரிசோதனை வருகிறது. கண், காது, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஒன்றில் தவறினாலும் சாவியை வாங்கிக்கொண்டு டிக்கெட் எண்ண உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கென்ன பயம்? பயம் என்பது மற்ற டிரைவர்களுக்கு வருவது. பேச்சுவாக்கில் சொன்னேன்.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்.

மாமா


ஜனவரி 19

ஆறு சக்கர மாமாவுக்கு,

நான் சுகம். கம்பளி போதும். சளி பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது. முதல் இரண்டை மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள். மளிகை லாரி ஏறி வந்தால்தான் எங்களுக்குத் தபால். பதில் தாமதமானால் கல் விழுந்து செத்துவிட்டேன் என்று அத்தை முடிவுகட்ட வேண்டாம்.

தட்டின் கதை இதுதான். அடிவாரத்து ஊரில் பழைய சாமான் கடை ஒன்று. அந்தக் குழு போட்டது இந்த ஒரே தட்டுதான், யாரும் வாங்கவில்லை, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். "சும்மா கேட்டுப் பாரும்மா" என்றார். நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் கேட்டேன். அவர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதிமுறை: தனியாகக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் எழுந்து காபி போடக் கூடாது. முதல் தடவை என்பது ஒரே ஒரு தடவைதான் வரும் மாமா, அதை வீணாக்காதீர்கள். முதல் பக்கம் முடிந்ததும் எழுதுங்கள். குறிப்பாக அந்தப் பாட்டுக்காரனைப் பற்றி.

உடல் பரிசோதனை என்றால் உங்களுக்கு என்ன? சர்க்கரையா? எதையாவது மறைக்கிறீர்களா?

பெருச்சாளி


பிப்ரவரி 2

வீரத்திருமகளே, உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

ஞாயிறு மதியம். உன் அத்தை அவசரத் துணி தைக்கவேண்டும் என்று தையல் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ்போட்டேன். கிண்ணங்களை மாட்டினேன். ஊசியை வைத்தேன். கண்ணை மூடினேன்.

முதலில் டிரம்ஸ். மாடியில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள். பிறகு ஒரு பேஸ் கிடார். அது காதுக்கே வரவில்லை, நேராக அடிவயிற்றில் புகுந்து உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்டது. ஆகா, இந்த மாதிரி வாசிப்பைக் கேட்டு எத்தனை யுகமாயிற்று என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான்.

எங்கேயோ தூரத்தில். சுவருக்கு அந்தப் பக்கம், இன்னொரு சுவருக்கும் அந்தப் பக்கம். ஒரு ஆள். சொல் புரியவில்லை, ஆனால் முழுத் தொண்டையில் கத்துகிறான் என்பது புரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். வீடு அமைதி. சமையலறையில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கையில் ஆயுதம் தரை துடைக்கும் கட்டை. யாரும் இல்லை.

மறுபடி மாட்டினேன். ஊசியைப் பின்னால் வைத்தேன். அதே இடத்தில் அதே ஆள். டிரம்ஸுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. யாரையோ தேடுகிறான். கதவைத் தட்டாமல் வெளியே நின்றபடி கூப்பிடுகிறான். எனக்கு முதுகில் ஓடிய வேர்வையில் ஒரு படகுப் போட்டியே நடத்தியிருக்கலாம்.

நீ சொன்ன பாட்டுக்காரன் எங்கே? பாட்டுக்காரனே இல்லாமல் ஒரு தட்டு, பின்னால் ஒரு பேய். ஏன் யாரும் வாங்கவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், என்ன துணிச்சல்! இப்படியொரு காரியத்தை வேறெந்தக் குழுவும் செய்ததில்லை. மேதைகள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. பயத்தினால் என்று நினைத்துவிடாதே. அத்தை வந்துவிட்டாள்.

நல்ல சேதி: டெப்போ டாக்டருக்கே உடம்பு சரியில்லையாம். பரிசோதனை தள்ளிப்போயிற்று. அன்று முழுக்க நான் சீட்டியடித்தபடியே பஸ் ஓட்டினேன். அவர் சீக்கிரம் குணமாகட்டும். மிகச் சீக்கிரம் வேண்டாம்.

பேயிடம் சிக்கித் தப்பிய மாமா


பிப்ரவரி 13

மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலம்தானே? உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். துடைக்கும் கட்டை வந்த இடத்தில் வெல்டர் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துச் சாப்பாடு புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

பிறகு என் கூடாரத்துக்கு வந்து தனியாகப் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

மாமா, சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்தத் தட்டில் ஒரு பாட்டுக்காரன் இருக்கிறான். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உங்கள் இடது காதில் வாயை வைத்துப் பாடுகிறான். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். டிரம்ஸையும் பேஸையும் ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். பாட்டையும் இன்னொரு கிடாரையும் மறுபக்கம். எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்ததால், டிரம்ஸுக்கு வைத்த மைக்கிலும் அவன் குரல் லேசாகக் கசிந்திருக்கும். நீங்கள் கேட்ட பேய் அந்தக் கசிவுதான். அதாவது, வலதுபக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

வயர் போயிருக்கலாம். பார்சலில் அடிபட்டிருக்கலாம். கடையில் நான் இதே ஹெட்போனில் இரண்டு காதிலும் நன்றாகக் கேட்டேன், ஆனாலும் வழியில் ஏதாவது ஆகியிருக்கலாம்.

ஒன்று செய்யுங்கள். ஹெட்போனை மாற்றி மாட்டுங்கள். இடது கிண்ணம் வலது காதுக்கு வரட்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றால் வயர்தான், விட்டுவிடலாம். பாட்டுக்காரன் கேட்டால்

கேட்டால் உடனே எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள்.

பெருச்சாளி


மார்ச் 21

அன்பின் திருவுருவே,

நலம். நலமோ நலம். நலத்தை வைக்க வீட்டில் இடம் போதாமல் பக்கத்து வீட்டில் அடுக்கியிருக்கிறோம். அங்கே குளிர் குறைந்ததா?

பதில் தாமதமானதற்குக் காரணம் ராஜாங்க அலுவல். பஸ்ஸுக்குப் புது ஹாரன் மாட்டியிருக்கிறார்கள். ஒருமுறை அழுத்தினேன், மூன்று தெரு தள்ளி ஒருவருக்குப் பல் விழுந்துவிட்டது. அப்புறம் நம் கண்டக்டர். அவரை உனக்குத் தெரியாது. எதை எடுத்தாலும் தீர்ப்பு வழங்குவதால் டெப்போவில் நீதிபதி என்று பெயர். ஒரு மணி அடித்தால் நிறுத்தணும், இரண்டு அடித்தால் கிளம்பணும், இதுதான் எங்கள் அரசியல் சட்டம். "மணியடிச்சா ஏண்ணே நிக்க மாட்டேங்கறீங்க?" என்கிறார். மணி பழசு, சத்தமே வருவதில்லை என்றேன். "எனக்குக் கேக்குதே. கடைசி சீட்டுல தூங்கறவருக்குக் கேக்குதே" என்று தீர்ப்பு.

ஹெட்போன் விஷயம். வயர்தான். நீ சொன்னபடி மாற்றி மாட்டினேன், வயர்தான். ரேடியோ ரிப்பேர்காரரிடம் கொடுக்க வேண்டும். அதைப் பற்றி நீ மண்டையைக் குடைந்துகொள்ளாதே, மலையைக் குடை.

ஆனால் பாட்டுக்காரனுக்குத் தொண்டை அவ்வளவு சுகமில்லை, கேட்டாயா? மேலே போகும்போது உடைகிறது. இரண்டாவது பாட்டில் ஒரு வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறான், அதைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிடித்திருந்தது.

ஒரு சந்தேகம். பொது அறிவுக்காகக் கேட்கிறேன். சுரங்கத்துக்குள் கல் உருண்டால், எந்தப் பக்கத்திலிருந்து உருளுகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வீர்களா? ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்திருக்கிறாயா? அப்போது எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா, அல்லது எந்தப் பக்கமும் இல்லாமல் வருகிறதா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நான் சுகம். அவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் மாதிரி ஜோடித்து எழுத எனக்கு வராது, நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இன்னிக்கு ஒரு சைக்கிள் வந்து பஸ்ஸை முட்டிடுச்சு. பஸ்ஸு பயந்துபோச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். மறுநாள் அந்த நீதிபதி தம்பி வீட்டுக்கு வந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

"அக்கா, அண்ணன் பாக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். கேக்கலக்கா. வலதுபக்கம் லாரி இரைச்சல். இடதுபக்கம் அந்த மனுஷன் சைக்கிள் மணியை அடிச்சுக்கிட்டே வர்றாரு. நான் பஸ் மணியை அடிக்கறேன். அண்ணன் பாட்டுக்கு இடதுபக்கம் ஒடிக்கறாரு. நான் ஓடிப்போய்த் தோளைப் புடிச்சு உலுக்கினேன். ஒரு சாண் இடைவெளிக்கா. சைக்கிளு சக்கரம் பஸ்ஸுக்கு அடியில கெடந்துச்சு. அந்த மனுஷன் ரோட்டுல உக்காந்து நடுங்கறாரு. அண்ணன் கீழ இறங்கல. ஸ்டியரிங்கை விடாம அப்படியே உக்காந்திருந்தாரு. கையைப் பிரிச்சு எடுக்கவேண்டியதாப் போச்சு."

சைக்கிள்காரருக்கு அடியொன்றும் இல்லையாம். தம்பி இன்னும் டெப்போவில் சொல்லவில்லை. "நான் சொன்னா அண்ணன் வேலை போயிடும். சொல்லலைன்னா நாளைக்கு யாரு உயிராவது போயிடும். நீங்களே சொல்லுங்கக்கா" என்று என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தீர்ப்புச் சொல்கிற பிள்ளை.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கொஞ்ச காலமாக, நடக்கும்போது என்னைத் தன் வலதுபக்கமாக வரச் சொல்வார். வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். வலதுபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டால் எத்தனை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று சண்டை போட்டேன். மூன்று நாள் பேசாமல்கூட இருந்தேன். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடிக்கிறார். கேட்டால், சுவர் விழாமல் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார்.

ஹெட்போனை ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

நான் சொன்னால் கேலி செய்து தள்ளிவிடுவார். நீ சொன்னால் கேட்பார். பயமாக இருக்கிறதும்மா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஏப்ரல் 12

மாமா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்று தெரியும்.

போன கடிதத்தில் நீங்கள் எனக்குப் பொய் சொன்னீர்கள், ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. வயர் போயிருந்தால் அந்தப் பாட்டுக்காரன் மூச்சு வாங்கியது உங்களுக்கு எப்படித் தெரியும்? மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். அவன் வந்திருக்கிறான். டிரம்ஸ் காணாமல் போயிருக்கிறது. அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் பஸ்ஸை எடுத்திருக்கிறீர்கள்.

காதைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன், சுரங்கத்துக்குள். நீங்கள் கேட்டதற்குப் பதில்: எல்லாச் சத்தமும் எந்தப் பக்கமும் இல்லாமல் வருகிறது. ஒரு ட்ராலி எனக்குப் பின்னால் வந்து நின்றது, எனக்குத் தெரியவே இல்லை. ஃபோர்மேன் கையைப் பிடித்து இழுத்து, "சாகணுமா உனக்கு?" என்று கத்தினார். வெளியே வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அதோடு பஸ் ஓட்டுகிறீர்கள். முளைக்கிறார்கள், முளைக்கிறார்கள் என்று ஜோக் அடித்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள்.

சைக்கிள்காரர் விஷயமும் தெரியும். யார் சொன்னார்கள் என்று துருவாதீர்கள், அவர்களைத் திட்டாதீர்கள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளில் சாவியைக் கொடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போங்கள். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் டெப்போ மேனேஜருக்கு நானே எழுதுவேன். அதற்கப்புறம் நீங்கள் ஆயுளுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 30

மேன்மை தாங்கிய சர்வாதிகாரிக்கு, முடி துறந்த மன்னன் எழுதிக்கொள்வது. இங்கே அத்தை சுகம். நீ சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. மேனேஜர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். முன்னால் நின்ற கிளார்க் பெண் அழுதாள், பின்னால் நின்ற டீசல் டாங்கி அழுதது, நகரமே கண்ணீரில் மிதந்தது, ரூட் நம்பர் எட்டு தற்காலிகமாகப் படகு சர்வீஸ் ஆக்கப்பட்டது. நீதிபதி மட்டும் அழவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இதாண்ணே சரியான தீர்ப்பு" என்றார். சைக்கிள்காரர் வீட்டுக்கும் போய்வந்தோம். அவர் என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலி பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அதில் தப்பில்லை.

பிறகு காது டாக்டர். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். வலதுக்கு அழுத்தினேன். இடதுக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் என்னைப் பார்த்து, போதும் எழுந்து வாங்க என்று சைகை காட்டினாள். முடிந்தே போயிருந்தது.

அப்புறம் ஸ்கேன். காது நரம்பின்மேல் ஒரு கட்டி. புற்று இல்லை, பயப்படாதே என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். மெதுவாக வளர்கிற சாதி. ஆனால் மூளைப்பக்கம் வளர்கிறது. தலைசுற்றல் அதனால்தான். விட்டுவைக்க முடியாது, எடுக்க வேண்டும். இடது காது போனது போனதுதான், அதற்கு அவர்களிடம் மருந்து இல்லை. முகத்துக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். அதைக் காப்பாற்ற முடிந்தவரை பார்ப்பார்களாம். முடியாவிட்டால் ஒரு பக்கம் தொங்கிவிடும். எந்தப் பக்கம் தொங்கினாலும் என் அழகு குறையாது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டர்கள் சிரிக்காவிட்டால் எனக்கு என்ன செய்வதென்றே தெரிவதில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி ஆபரேஷன்.

நீ வர வேண்டாம். மலையின் இரண்டு பக்கமும் குடைந்து வந்தவர்கள் அந்த வாரம்தான் சந்திக்கிறார்கள் என்று போன லீவிலேயே சொல்லியிருக்கிறாய். அளந்து கோடு போட்டவள் நீ. அந்தக் கடைசிச் சுவர் உடையும்போது நீதான் முன்னால் நிற்க வேண்டும். இங்கே என்ன? மண்டையில் ஒரு சின்ன ஜன்னல் வைக்கிறார்கள், காற்றோட்டமாக இருக்கும். எனக்குத் துளிக்கூடக் கலக்கம் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருக்கிறது. வர வேண்டாம்.

முடியும் சாவியும் இழந்த மாமா


மே 11

மாமாவுக்கு,

சளி இல்லை. அத்தை எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா?

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நாங்கள் வெட்டிவரும் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் பாறைதான். காதை வைத்துக் கேட்டால் அந்தப் பக்கம் துளைபோடுவது கேட்கிறது. ஜூன் நடுவில்தான் உடையும். நான் போட்ட கோடு சரியா தப்பா என்று அன்றைக்குத்தான் தெரியும். அதைப் பார்க்க ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் லீவு கேட்டுவிட்டேன். கிடைத்தும்விட்டது. உடைவதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் கிளம்பவில்லை. ஏனென்றால் நீங்கள் வராதே என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷமாக இருக்கிறவரைப் பார்க்க நான் எதற்கு? அம்மா போனபோதும் நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோக் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நகரத்தைக் கண்ணீரில் மிதக்கவிடாமல், படகு விடாமல் எழுதுங்கள். என்ன எழுதுகிறீர்களோ அதன்படி செய்கிறேன்.

பெருச்சாளி


மே 25

பெருச்சாளிக்கு,

அத்தை சாப்பிடுகிறாள். நான் பார்க்கும்போது சாப்பிடுகிறாள்.

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பேனாவை எடுத்தால் படகுதான் வருகிறது, என்ன செய்ய? இன்று வேறொன்று நடந்தது. அதை எழுதுகிறேன்.

பீரோவிலிருந்து ஹெட்போனை எடுத்தேன். குடைக்குதிரையின் இரண்டாம் பக்கம் இன்னும் கேட்கப்படாமலே இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று நீயே தெரிந்துகொள். வலது காதில் மாட்டினேன். டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது, அந்தக் கிணற்றுக் குரல் வந்தது. இப்போது அது பேய் இல்லை என்று தெரியும். முன்னே மாதிரி இல்லை. அவன் என் பக்கத்திலேயே நின்று பாடுகிறான், எனக்குத்தான் தூரத்தில் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது இன்னும் மோசமாக இருக்கிறது.

அத்தை தையலை வைத்துவிட்டு வந்து என் வலதுபக்கம் உட்கார்ந்தாள். "ஒரு கிண்ணம் சும்மாதானே இருக்கு? குடுங்க" என்றாள். ஹெட்போனை முறுக்கித் திருப்பி, இடது கிண்ணத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொண்டு இருந்தன. இந்த மாதிரிப் பாட்டை அவள் ஆயுளில் கேட்டதில்லை. முகத்தைச் சுளித்தாள்.

"என்ன நடக்குது அந்தப் பக்கம்?" என்றேன்.

"ஒருத்தன் கத்தறான்."

"பாடறான்டி."

"நீங்க கேட்டீங்க, சொல்றேன். கத்தறான்."

"கோபமாவா?"

கொஞ்சநேரம் கேட்டாள். "இல்லீங்க. பயந்துபோய்க் கத்தறான்."

"அவன் பாஷை உனக்குப் புரியுதா?"

"பாஷை எதுக்கு? எத்தனை வருஷமா உங்ககூட இருக்கேன், பயந்த ஆளு எப்படி இருப்பான்னு தெரியாதா எனக்கு? ஆனா நீங்க வாயை மூடிக்குவீங்க, இல்லாட்டி இளிப்பீங்க. இவன் கத்தறான்."

"அவனுக்கு வெக்கமா இல்லையாமா?"

"இல்லபோல. நல்லா வாயைத் திறந்து கத்தறான். யாராவது வந்து பக்கத்துல உக்காருங்கன்னு கத்தறான். இப்ப மூச்சு வாங்கறான். மறுபடி கத்தறான்."

அப்படியே கடைசிவரை ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது மெதுவாகப் பேசுகிறான், இப்போது கிடார் மட்டும், இப்போது யாரோ இருமுகிறார்கள். எனக்கு இந்தப் பக்கம் டிரம்ஸ். ஊசி ஓரத்துக்குப் போன பிறகும் அவள் கழற்றவில்லை. "முடிஞ்சுதா?" என்றேன். "அவன் முடிச்சுட்டான்" என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

பெருச்சாளி, அந்த ஆள் யார் என்றே தெரியாது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று, மைக்கைப் பிடித்து, தட்டில் பதித்து, அட்டைக்குக் குதிரையும் போட்டுக் கத்தியிருக்கிறான். யாரும் வாங்கவில்லை, அப்படியும் கத்தியிருக்கிறான். எனக்குக் கத்த நீ ஒருத்திதான். ஒரு தபால்தலை போதும்.

பயமா இருக்கும்மா. ரொம்ப.

வந்துடு.

மாமா